பூச்சியா, பேயா?

கேள்வி: ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சிதானே? ஒரு காலத்தில் பேய் என்றும் பொருளாமே?
(வாசகர், கே.கே. நகர், திருச்சி)

பதில்: உண்மைதான். 1535-ல் வந்த கவர்டேலின் ஆங்கில பைபிளில், 91-ஆம் சங்கீதம் ராத்திரி 'பக்'குக்குப் பயப்படாதே என்கிறது. அங்கே அது பேய். ஓட்டல் கட்டிலில் மூட்டைப்பூச்சியோடு விடிய விடிய விழித்திருந்த எனக்கு இரண்டும் ஒன்றுதான்! அந்தப் பொருள் செத்துப்போய், 'பக்பேர்' (பூச்சாண்டி) போன்ற சொற்களில் மட்டும் ஆவியாக அலைகிறது.

ஆங்கிலேயரைச் சொல்வானேன்? நம் பாட்டிகளும் சோறு உண்ணாத பிள்ளைக்குப் 'பூச்சி' காட்டியவர்கள்தானே. அந்தப் பூச்சிக்கு எத்தனை கால் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. பேய் என்றாலே நடுங்குகிற நீங்கள், காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் பேயாழ்வாரைக் கைகூப்பிக் கும்பிடுவீர்கள். பெருமாள்மேல் பேயாய்ப் பித்தானவர் அவர்.