முன்பாரம், பின்பாரம்: ஆத்தூர் வட்டத்தை முன்வைத்து ஓர் இழுவையியல் ஆய்வு

வண்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்று தமிழில் முதலில் கணக்குப் பார்த்தவர் திருவள்ளுவர். மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார். ஆனால் அந்த மயிலிறகை வண்டியின் முன்பக்கம் அடுக்குவதா, பின்பக்கம் அடுக்குவதா என்று அவர் சொல்லவில்லை. உரை எழுதிய பரிமேலழகரும் கேட்கவில்லை. பல நூற்றாண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடக்கும் இந்த இடைவெளியை நிரப்பத் திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில் ஒருவன் பிறக்க வேண்டியிருந்தது. அவன் நான்தான்.

முன்னோர் ஆய்வுகளில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் ஓர் உபரி அச்சைக் கட்டிக்கொண்டு போனதாகப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் பதிவு செய்திருக்கிறார். 1904இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் உபரிச் சக்கரம் விற்கத் தொடங்கியவர்களின் புண்ணியத்தில் நாம் இன்றும் அதை ஸ்டெப்னி என்கிறோம். ‘சேம அச்சு’ என்ற அழகான சொல்லைப் பாட்டிலேயே விட்டுவிட்டோம். இது கட்டுரைக்குத் தொடர்பில்லாத வருத்தம்.

சட்டத்தின் நிலைப்பாடு இதைவிடச் சுவையானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2ஆம் பிரிவுப்படி, டிராக்டர் என்பது தன்மேல் பாரம் ஏற்றுவதற்காகச் செய்யப்படாத மோட்டார் வாகனம். டிரெய்லரோ, மோட்டாரே இல்லாவிட்டாலும் மோட்டார் வாகனம்தான். சுமக்காத ஒன்றும் ஓடாத ஒன்றும் ஒரு கொக்கியால் சேர்ந்து செம்பட்டி ரோட்டில் தேங்காய் கொண்டுபோகின்றன. பல குடும்பங்களும் இப்படித்தான் நடக்கின்றன என்றாலும் அது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆய்வுக்கான தூண்டுதல் டெக்சாஸிலிருந்து வந்தது. மாமா மகன் அங்கே எட்டுப் பேர் உட்காரும் பெரிய எஸ்யுவி ஒன்றும், கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள இழுவை வீடு ஒன்றும் வாங்கியிருந்தான். வீட்டின் எடை நிறைபாரத்தோடு 3000 கிலோ. ஒரு ராத்திரி போன் செய்தான். “மச்சான், அறுபது மைல் தாண்டுனா பின்னாடி வீடு வாலாட்டுதுடா. பக்கத்துல லாரி போனா உயிரே போயிருது.”

நான் நூலகத்துக்குப் போகவில்லை. எதிர்வீட்டுத் தாத்தாவிடம் போனேன். நாற்பது வருஷம் ஐயம்பாளையம் தோப்புகளிலிருந்து மாட்டுவண்டியில் தேங்காய் ஏற்றியவர். விஷயத்தைச் சொன்னதும் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார்.

“பாரத்த எங்க வச்சிருக்கான்?”

எவ்வளவு என்று கேட்கவில்லை. எங்கே என்று கேட்டார். வள்ளுவர் விட்ட இடத்தில் தாத்தா தொடங்கிவிட்டார்.

அவர் சொன்ன கோட்பாடு இது. இரண்டு சக்கர வண்டி ஒரு தராசு. அச்சுதான் அதன் முள். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பும், நுகத்தடி தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். அதனால் மாடு பூட்டுவதற்கு முன்னால் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார்களாம். கைக்குக் கொஞ்சம் கனக்க வேண்டும். மேடு ஏறும்போது வண்டிக்காரர் முன்னே நகர்ந்து உட்காருவார், இறக்கத்தில் பின்னே தள்ளி உட்காருவார். அவரே ஒரு நடமாடும் எடைக்கல்.

அமெரிக்க இழுவையியலாளர்களும் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள், எண்களோடு. இழுவை வீட்டின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். குறைந்தால் வீடு வாலாட்டும். கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரத்தின் பிடி இளகும். ஸ்டீரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. அதைச் சமன்செய்ய வில்கம்பிகள் வைத்த தனிக் கொக்கியும் விற்கிறார்கள். மாட்டுக்கழுத்து, பின்சக்கரம் என்ற பெயர் மாற்றத்தைத் தவிரப் புதிதாக ஒன்றுமில்லை.

கள ஆய்வுக்காகச் செம்பட்டி முக்கில் ஒரு டீக்கடையில் மூன்று நாள் உட்கார்ந்தேன். (இருபத்தோரு டீ. நிதியுதவி கிடைக்கவில்லை.) தேங்காய் ஏற்றிய டிரெய்லர் கனமாக இருந்தாலும் அடக்கமாகப் போகிறது. வைக்கோல் ஏற்றியதோ எடை குறைவு, ஆட்டம் அதிகம். பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனால் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து மீள்கிறது. டெக்சாஸ் வீட்டின் குணமும் இதுவே. உயரமான தட்டைச் சுவர் காற்றுக்குப் பாய்மரம். செம்பட்டியில் ஒரு டிரெய்லரில், கொக்கி ஊசி கழன்றுவிடாமலிருக்க அதன் முனையில் மாட்ட வேண்டிய பூட்டுக்குப் பதில் கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டிருந்ததையும் பார்த்தேன். இதை நகைச்சுவையாக்க எனக்கு மனமில்லை. அமெரிக்காவில் கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலிகளைப் பெருக்கல் குறிபோலக் குறுக்காக மாட்டுகிறார்கள். கொக்கி கழன்றாலும் வண்டியின் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

அடுத்தது எடை பார்க்கும் படலம். மச்சானிடம் குளியலறை எடை மிஷின்தான் இருந்தது. பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையை மிஷின் மேலும் வைத்து, செங்கல்லிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் கொக்கியை இறக்கச் சொன்னேன். மிஷின் காட்டுவதை மூன்றால் பெருக்க வேண்டும். 73 காட்டியது. ஆக 219 கிலோ. முந்நூறாவது வேண்டிய இடத்தில்!

“பின்னாடி என்னடா வச்சிருக்க?”

நாலு சைக்கிள், அதை மாட்டும் கம்பிச் சட்டம், இரண்டு மூட்டை அரிசி, கருவிப்பெட்டி, வெட் கிரைண்டர். அமெரிக்கக் காட்டுக்குள் முகாம் போடப் போகிறவனுக்கு வெட் கிரைண்டர் எதற்கு என்று கேட்பவர் எங்கள் ஊர்க்காரராக இருக்க முடியாது. மொத்தம் 150 கிலோ, அச்சுக்கு மூன்று மீட்டர் பின்னால். கொக்கியோ அச்சுக்கு ஐந்து மீட்டர் முன்னால். நூற்றைம்பதை மூன்றால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் 90. அந்தச் சாமான்கள் கொக்கியிலிருந்து தொண்ணூறு கிலோவைத் தூக்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து அச்சுக்கு நேராக வைத்தான். மிஷின் 103 காட்டியது. 309 கிலோ. வாலாட்டம் நின்றது.

மறுபடி ஆடினால் என்ன செய்வது என்று கேட்டான். கார் பிரேக்கை மிதிக்காதே, ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதே, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு, இழுவை வீட்டின் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல அழுத்து என்றேன். தாத்தாவின் வாசகம் இன்னும் சுருக்கம்: “மெரண்ட மாட்டுக்குக் கயித்தச் சுண்டக் கூடாதுப்பா.”

ரிவர்ஸ் பற்றித் தனி நூலே எழுதலாம். ஸ்டீரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால் கை போகும் பக்கம் டிரெய்லர் போகும் என்பது மேலை முறை. “ஒடி, ஒடி, இன்னும் ஒடி, வரட்டும், வரட்டும், நில்லுய்யா!” என்று தெருவே திரண்டு கத்துவது ஆத்தூர் முறை. இரண்டிலும் சுவர் சில சமயம் இடிபடுகிறது.

கடைசிச் சிக்கல் ஒன்று பாக்கி இருந்தது. கார் விளம்பரத்தில் இழுதிறனைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். சுமைதிறனோ ஓட்டுநர் கதவோரம் ஒட்டிய சீட்டில் பொடி எழுத்தில் இருக்கும். மச்சான் காரில் அது 700 கிலோ. கொக்கியில் அழுந்தும் எடையும் அதற்குள்தான் அடக்கம். அவன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து போயிருந்த மாமா, அத்தை ஆறு பேரும் 380. கொக்கி 309. கூட்டினால் 689. இன்னும் 11 கிலோ இடமிருக்கிறது என்று நான் வெற்றிக் களிப்போடு சொல்லிக்கொண்டிருக்கும்போது, போனுக்கு அந்தப் பக்கம் அத்தையின் குரல் கேட்டது.

“தம்பி, இந்த ஊறுகா ஜாடி ரெண்டையும் என் காலடியில வச்சுக்கறேன்.”