முகம் மாறலாம், முறை மாறலாமா?

'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி வரும். மாற்றத்துக்கு டிவிக்காரர்கள் செய்யும் மரியாதை அவ்வளவுதான். நேற்றுப் பார்த்த மருமகள் இன்று வேறு முகத்தோடு காபி ஆற்றிக்கொண்டிருப்பாள். கட்டிய புருஷனே திடுக்கிட மாட்டான்.

மதுரை செல்லூரில் இருக்கும் என் அத்தையும் திடுக்கிட மாட்டார். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' ஐஸ்வர்யாவாக நடித்த வி.ஜே. தீபிகா போய், சாய் காயத்ரி வந்து, மறுபடி தீபிகாவே வந்தபோது, "ஆத்தா வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கா" என்று விஷயத்தை முடித்துவிட்டார். அத்தையால் பொறுக்க முடியாதது முறை மாறுவதுதான்.

அந்தத் தொடரில் ஸ்டாலின் மூத்த அண்ணன் மூர்த்தி, அவர் மனைவி தனம். தம்பி ஜீவாவாக வெங்கட். ஜீவாவின் மனைவி மீனாவாக ஹேமா. 2023-இல் இரண்டாம் பாகம் வந்தது. அதில் ஸ்டாலின் அப்பா பாண்டியன், அவர் மனைவி கோமதி. ஹேமா மறுபடியும் மீனா. அவள் புருஷன், பாண்டியனின் மகன் செந்திலாக முதலில் வேறொருவர் நடித்தார். பிறகு அந்த இடத்துக்கும் வெங்கட்டே வந்து சேர்ந்தார். வீட்டில் அன்றைக்கு இட்லி மாவு பொங்கி வழிந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

"ஏன்டா, கூடப்பொறந்த தம்பியவா பிள்ளையாப் பெத்தான்?"

மாமா சமாதானத்துக்கு வந்தார். "மூத்த அண்ணன் அப்பனுக்குச் சமம்னு நீதான சொல்லுவ?"

"சமம்னா சமமா இருக்கணும். அப்பனாவே ஆயிருவாகளா? சரி, தனம் இருக்கையில கோமதிய எப்பக் கட்டுனான்? அதச் சொல்லுங்க."

மாமா செய்தித்தாளுக்குள் போய்விட்டார். தப்பித்தது மீனா மட்டும்தான். எங்கள் பக்கம் புருஷனின் அண்ணனும் மாமா, புருஷனின் அப்பாவும் மாமா.

'எதிர்நீச்சல்' தொடரின் சங்கதி வேறு. கதை நடப்பதே மதுரையில். ஆதி குணசேகரனை ஊரே திட்டிக்கொண்டு ஊரே பார்த்தது. 2023 செப்டம்பர் 8-இல், குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்தபோது தெருவில் நிஜமாகவே துஷ்டி வீட்டு அமைதி. அந்த இடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்ததும் குழாயடியில் குரல் சரியில்லை, மிரட்டல் போதவில்லை என்று ஆளுக்கொரு குறை சொன்னார்கள். 'குற்றப்பரம்பரை' எழுதியவருக்கே மிரட்டல் போதவில்லையாம். அத்தை தீர்ப்புச் சொன்னார்: "போனவரு மேக்க வருசநாட்டு ஆளு. வந்தவரு தெக்க கமுதிப் பக்கம். ரெண்டும் சம்பந்தம் பண்ற தூரந்தான். பேசாமப் பாருங்க."

இவ்வளவு முறை பார்ப்பவரை 'சரவணன் மீனாட்சி' தொடரில் மடக்கிவிடலாம் என்று நினைத்தேன். அதன் பிந்தைய பாகங்களில் மீனாட்சியாக ரச்சிதா நிலைத்து நிற்க, எதிரே இர்ஃபான், கவின், ரியோ என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தது.

"அத்தை, பொண்டாட்டி ஒருத்தி, மாப்பிள்ளை மட்டும் மாறிக்கிட்டே இருக்காரு. இது எந்த முறை?"

"மருதையில இருந்துக்கிட்டு கேக்குற கேள்வியாடா இது? சொக்கர் விறகு விக்க ஒரு மூஞ்சியோட வந்தாரு, வளையல் விக்க ஒரு மூஞ்சி, பிட்டுக்கு மண்ணு சுமக்க ஒரு மூஞ்சி. அறுபத்துநாலு வாட்டி. மீனாட்சி கேட்டாளா? அங்கிட்டுத் தள்ளு, மறைக்குது."