நூறு ஏக்கரில் நாலேகால் அங்குலம்

யு.டி.எஸ். எனும் பிரிபடாத நிலப் பங்கு 400 சதுர அடிக்கு வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கிறவன் டி.வி.யில் கோல்ஃப் பார்க்கக் கூடாது. ஆட்டம் புரியாவிட்டாலும் நிலம் புரிந்துவிடும், வயிறு எரியும். 18 குழி மைதானம் என்றால் வழக்கமாக 100 ஏக்கருக்குக் குறையாது. ஏக்கருக்கு 18 கிரவுண்டு என்று நான் பெருக்க ஆரம்பித்ததும், "யார் பேருல ரிஜிஸ்டர் பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

அன்று காட்டியது ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ். அங்கே 1764-ல் 22 குழிகளை 18 ஆகக் குறைத்தார்கள். பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. பந்தை வைத்து அடிக்கத் தொடங்கும் இடம் டீ. அங்கிருந்து ஒட்டக் கத்தரித்த புல்பாதை, ஃபேர்வே. வழி தவறும் பந்தை விழுங்க இருபுறமும் வளரவிட்ட ரஃப். முடிவில் வழவழவென்று கிரீன். அதன் நடுவில் எங்கோ நாலேகால் அங்குலக் குழி. 18-க்கும் சேர்த்து 72 அடிக்குள் முடிக்க வேண்டும். சதுர அடி இல்லை, மட்டையடி.

"இவ்வளவு இடத்துல ஒரு முருங்கைமரம்கூட வைக்கலையே!"

மரத்துக்குப் பதில் மணல் பள்ளங்கள்தான் வைத்திருக்கிறார்கள், நூற்றுக்கு மேல். 14-வது குழிக்குப் போகும் வழியில் இருப்பதற்கு ஹெல் பங்கர் என்று பெயர். ஆள் இறங்கினால் தலை தெரியாது. 1995-ல் கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸுக்கே அதிலிருந்து வெளியே வர நாலு அடி தேவைப்பட்டது.

"தோண்டினவங்க மூட மாட்டாங்களா?" தெருவைப் பார்த்துப் பழகிய கேள்வி.

என்னைக் கவர்ந்தது கிரீன் பங்கீடு. 7 கிரீன்கள் இரண்டிரண்டு குழிகளுக்குப் பொது. 2-ம் 16-ம் ஒன்றில், 3-ம் 15-ம் ஒன்றில். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18. கூட்டுப் பட்டா, ஆனால் தகராறு இல்லை! நானோ குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற பதவியை வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு நம் பக்கம் நாலு அங்குலம் தள்ளியிருப்பதாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் அந்த ஓல்டு கோர்ஸ் பொது நிலம். 1, 18-ன் குறுக்கே ஊர்ப்பாதையே போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயோடு உலாத்தலாம்.

"புல்லுக்கும் ஓய்வு வேணுமில்லையா?" என்று பெரிதாக விளக்கினேன். மனைவி பதில் பேசவில்லை. ஞாயிறு காலை காபிக்குக் குரல் கொடுத்தபோதுதான் படுக்கையிலிருந்து பதில் வந்தது: "புல்லுக்கே லீவுன்னீங்களே!"

டிகாக்‌ஷன் இறங்க எவ்வளவு நேரமாகும் என்று யாராவது சொன்னால் தேவலை.