புழுதிக்கும் ஓர் உபயப் பலகை

பெறுநர்:
சமூகப் பொறுப்புத் துறைத் தலைவர் அவர்கள்,
அரியலூர்ச் சீமையின் ஏதோ ஒரு சிமெண்ட் ஆலை.

கருணையே உருவான ஐயா,

தங்கள் சுரங்கத்தை ஒட்டிய ஊருக்கு ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வழங்கிய விழா இனிதே முடிந்ததாக அறிந்தோம். தண்ணீர் பிடிக்க வந்த பெண்களின் குடத்தைக் கீழே வைக்கச் சொல்லி, 'நன்றி' என்று அச்சடித்த அட்டையைக் கையில் கொடுத்ததும், முதல் படத்தில் ஆலையின் சின்னம் விழவில்லை என்று வெயிலில் மறுபடி நிற்கவைத்துச் சிரிக்கச் சொன்னதும் ஊர்ப்பேச்சாக இருக்கிறது. 'உபயம்' என்று தொடங்கும் பலகை இயந்திரத்தைவிட அரை முழம் அகலமாம். கோயில் டியூப்லைட்டில் கொடுத்தவர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைப்பது நம்மூரில் பழைய கலை. தாங்கள் அதைத் தொழில்துறைக்கு உயர்த்தியிருக்கிறீர்கள். குறை ஒன்றுதான்: தங்கள் தன்னடக்கம். இந்த மாவட்டத்துக்குத் தாங்கள் வழங்கியவை எத்தனையோ இருக்க, நிழற்குடைக்கும் தண்ணீர் இயந்திரத்துக்கும் மட்டும் பெயர் போட்டுக்கொள்கிறீர்கள். லாரி போகும் சாலைகளில் வீட்டுத் திண்ணைமேல் படிந்திருக்கும் புழுதியில் உபயம் இல்லை. தார்ப்பாய் போடாத டிப்பரிலிருந்து வளைவில் உருண்டு விழும் கல்லில் உபயம் இல்லை. வெட்டி முடித்த பள்ளத்தின் கரையில் 'அபாயம்' என்ற பலகைதான் நிற்கிறது. இரண்டு எழுத்தை மாற்றினால் போதும், ஐயா.

இதைக் கேலி என்று தாங்கள் நினைக்கக்கூடும். சட்டத்தைத்தான் சொல்கிறோம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றை எட்டினாலும், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். ஆக, நூறு ரூபாய் லாபத்தில் இரண்டு ரூபாய்க்குத்தான் பலகை. மீதித் தொண்ணூற்றெட்டு எப்படி வந்தது என்பதற்குப் பலகை கிடையாது. அதே சட்டத்தின் விதிகள், 2021இல் திருத்தப்பட்டபோது, இரண்டு செலவுகளை வெளிப்படையாக விலக்கிவைத்தன: சொந்தச் சரக்கின் விளம்பரத்துக்கு உதவும் நிதியுதவி ஒன்று, வேறு எந்தச் சட்டப்படியும் எப்படியும் செய்தே தீரவேண்டிய வேலை மற்றொன்று. சாலையில் தண்ணீர் தெளிப்பது, ஆலையைச் சுற்றி மரம் வைப்பது, வெட்டிய நிலத்தைச் சீர்செய்வது எல்லாம் சுற்றுச்சூழல் அனுமதியிலும் சுரங்கத் திட்டத்திலும் எழுதிக் கையெழுத்திட்ட நிபந்தனைகள். அந்த மரக்கன்றை நட்டுவிட்டு மேடை போட்டு 'பசுமைக்கு எங்கள் உபயம்' என்பது, வாங்கிய கடனை அடைத்துவிட்டுப் பொன்னாடை கேட்பதாகும். மக்கள் விதிகளைப் படித்ததில்லை. ஆனால் கொடையையும் கடமையையும் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு அரசிதழ் தேவைப்படவில்லை.

'ராயல்டி கட்டுகிறோம், மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் பணம் தருகிறோம். செலவழிப்பது அரசாங்கம், எங்களைக் கேட்டு என்ன பயன்?' என்று தாங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி அந்த அறக்கட்டளைகளைக் கொண்டுவந்தார்கள். பணத்தை எங்கே போடுவது என்பதில் ஆலையைவிட ஆட்சியர் அலுவலகத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. அந்தப் பழியைத் தங்கள் தலையில் ஏற்ற மாட்டோம். கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 80 ரூபாய் ராயல்டி என்று 2014இல் நிர்ணயித்தார்கள். அந்த விகிதப்படி, பழைய குத்தகையானால் அதில் 30 சதவீதம், அதாவது 24 ரூபாய், அறக்கட்டளைக்குப் போகும். ஏலத்தில் எடுத்த சுரங்கமானால் 10 சதவீதம், 8 ரூபாய். ஒரு டன் சிமெண்ட்டுக்குத் தாராளமாக ஒன்றரை டன் கல் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு டன்னுக்கு இருபது மூட்டை. மூட்டைக்கு 1 ரூபாய் 80 காசு, ஏலச் சுரங்கத்தில் 60 காசு. முந்நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் மூட்டையில், குழிவிழுந்த ஊருக்கென்று ஒதுங்குவது ஒரு டீக்குக்கூட ஆகாது. இதைப் பெருங்கொடையென்று மேடையில் சொல்லும்போது கைதட்டல் ஏன் மெதுவாக வருகிறது என்று தாங்கள் வியக்கத் தேவையில்லை.

'வேலை கொடுத்தோமே' என்பது அடுத்த பதில். அதுதான் இருப்பதிலேயே வலுவான பதிலும்கூட. 1979இல் அரசு சிமெண்ட் ஆலை வந்ததிலிருந்து இந்த வானம்பார்த்த பூமியில் மாதச் சம்பளம் என்ற ஒன்றைக் காட்டியவை ஆலைகள்தாம், மறுப்பவர் யாருமில்லை. தங்கள் முகாமில் கண் சிகிச்சை செய்து பார்வை திரும்பிய பாட்டியிடம் போய் இரண்டு சதவீத வாதம் பேசவும் எங்களுக்கு வாய் வராது. ஆனால் நிலம் வாங்கும்போது சொன்ன சொல் ஒன்றும், பிறகு வந்த வேலை வேறொன்றுமாக இருந்தால், இடையில் எத்தனை தையல் இயந்திரம் கொடுத்தாலும் அந்தப் பள்ளம் மூடாது. ஆனந்தவாடியில் அரசு ஆலையின் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். சொல் தவறுவதில் அரசு, தனியார் என்ற பேதமில்லை. பக்கத்துப் பெரம்பலூரில் எறையூர், திருமாந்துறைப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று சுமார் 3,000 ஏக்கர் எடுத்தார்கள். தொழிற்சாலையும் வராமல், விதைப்பும் இல்லாமல் அந்தப் பூமி பல ஆண்டு கிடந்தது. 2023 நவம்பரில் எறையூர் சிப்காட்டில் காலணி ஆலை திறந்தபோது, அடுத்தவர் உடைத்த நம்பிக்கைக்கும் சேர்த்து அது வட்டி கட்ட வேண்டியதாயிற்று. தூத்துக்குடியையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாமிர ஆலையும் சமூக நலத்திட்டங்கள் நடத்தியதுதான். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாசுக்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது, 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தார்கள், ஆலை மூடியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் திறக்க வழிவிடவில்லை. கொடுத்த நலத்திட்டம் ஒன்றுகூட அந்தக் கதவைத் திறக்க வரவில்லை.

இன்னொன்றையும் நேராகவே சொல்லிவிடுகிறோம். லாரி ஓடும் சாலையில் பிள்ளை சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாயிடம், சாலைப் பாதுகாப்பு ஓவியப் போட்டிக்கு அழைப்பிதழ் நீட்டுவது அசிங்கம். ஓவியம் வேண்டாம். நடை கணக்குப் பார்த்துக் கூலி கொடுப்பதை நிறுத்துங்கள். ஓட்டுநர் ஏன் பறக்கிறார் என்று தெரிந்துகொண்டே தெரியாததுபோல இருக்காதீர்கள்.

மன்னிக்க வேண்டும், குரல் சற்று உயர்ந்துவிட்டது. தங்கள் வள்ளன்மைக்கு வருவோம். உண்மையில் இந்த மண்ணின் முதல் கொடையாளி கடல்தான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடல் விட்டுச்சென்ற சிப்பியும் நத்தையும்தான் தாங்கள் மூட்டை கட்டும் சுண்ணாம்பு. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் கல்லாகக் கிடக்கும் மரத்துக்குச் சுமார் 12 கோடி வயது, 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறியும்வரை யார் உபயம் என்று யாரும் கேட்கவில்லை.

பலகை வைப்பதையே நிறுத்தச் சொல்லவில்லை. நல்லது செய்தவர் பெயர் தெரிவதில் தவறில்லை; எந்தத் திட்டத்தை ஏற்றீர்கள் என்று இணையதளத்தில் போடும்படி சட்டமே சொல்கிறது. கேட்பது ஒன்றுதான்: நல்லதற்குப் போடும் பெயரை மற்றதற்கும் போடுங்கள். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, அனுமதியின் நிபந்தனைகளை எந்த அளவுக்கு நிறைவேற்றினீர்கள் என்று ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1இலும் டிசம்பர் 1இலும், அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். புழுதி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு இறைத்தீர்கள், மரம் எத்தனை பிழைத்தது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். ஜூன் அறிக்கையை ஆகஸ்ட் 15 கிராமசபையிலும், டிசம்பர் அறிக்கையை ஜனவரி 26 கிராமசபையிலும், தமிழில், தங்கள் அலுவலர் ஒருவர் வந்து வாசித்து, கேள்வி முடியும்வரை உட்கார்ந்திருக்கட்டும். கேமரா கொண்டுவர வேண்டாம். மைக் செட்டும் நாற்காலியும் ஊராட்சிச் செலவு.

இப்படிக்கு,
தங்கள் இரண்டு சதவீதப் பயனாளிகள்