வாடை வராமல் சமைப்பது எப்படி?

2007-இல் டெல்லி போலீஸ் வடகிழக்கு மாணவர்களுக்காக ஒரு பாதுகாப்புக் கையேடு போட்டது. உடம்பு தெரிகிற உடுப்பைத் தவிர்க்கவும். மூங்கில் குருத்து, அகுனி மாதிரி வாடையடிக்கும் பதார்த்தங்களை அக்கம்பக்கத்தில் ரகளை வராமல் சமைக்கவும். இப்படிப் போகிறது அறிவுரை. தயாரித்த அதிகாரியே வடகிழக்குக்காரர்தான். ஊரை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார் பாவம். அடிவாங்கப் போகிறவனுக்குக் கையேடு கொடுத்தார்கள். அடிக்கப் போகிறவனுக்கு ஒரு துண்டுச்சீட்டுகூட அச்சாகவில்லை.

அகுனி என்றால் புளிக்கவைத்த சோயா. நாகர்கள் வீட்டுச் சமையல். நம் கருவாட்டுக் குழம்பை முதன்முதலாக முகர்ந்த வடநாட்டு வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று டெல்லியில் குடியிருந்த தமிழர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். வாடை எப்போதும் அடுத்த வீட்டிலிருந்துதான் வரும்.

கையேடு வந்து ஏழு வருஷம். 2014 ஜனவரியில், அருணாச்சல மாணவர் நிடோ தானியா டெல்லி லஜ்பத் நகர்க் கடைத்தெருவில் வழி கேட்டார். அவருடைய தலைமுடியைப் பார்த்துச் சிரித்தார்கள். கைகலப்பானது. மறுநாள் பிணம். கையேட்டில் தலைமுடியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?

உடனே வடகிழக்கு மக்களின் குறைகளை ஆராய பெஸ்பருவா கமிட்டி. அதே வருஷம் ஜூலையில் அறிக்கையும் வந்தது. இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தினால் தண்டிக்க ஐ.பி.சி.யில் தனிப்பிரிவு வேண்டும் என்றார்கள். பிரிவு வரவில்லை, ஐ.பி.சி.யே போய்விட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், ஐந்து பேருக்குக் குறையாமல் கூடி இனத்தின் பேரால் ஒருவரைக் கொன்றாலோ படுகாயப்படுத்தினாலோ தனிப்பிரிவு உண்டு. தெருவில் ‘சிங்கி’ என்று இழிவாகக் கூப்பிட்டதற்கு இல்லை. முதலில் செத்தோ படுகாயப்பட்டோ காட்ட வேண்டும். அதிலும் நாலு பேர் அடித்தால் போதாது.

பல்கலைக்கழகங்கள் சும்மா இருந்தன என்று சொன்னால் பாவம். ஜே.என்.யு.வில் வடகிழக்கு மாணவர்களுக்கென்று பராக் விடுதிக்கு 2017-இல் அடிக்கல் நாட்டினார்கள். திறப்புவிழா 2024-இல். அடிக்கல் அன்று பி.ஏ. சேர்ந்தவர் எம்.ஏ.யும் முடித்து, ஆராய்ச்சியில் பாதி தூரம் போயிருப்பார், பக்கத்து முனிர்க்காவில் வாடகை கொடுத்துக்கொண்டே. வடகிழக்கு மாணவர்களுக்கு யு.ஜி.சி. தரும் ஈஷான் உதய் உதவித்தொகை நல்ல காரியம், அதைக் கேலி செய்ய மாட்டேன். பொதுப் பட்டப்படிப்புக்கு மாதம் 5,400 ரூபாய். ஐ.ஐ.டி. மும்பையில் 2023-இல், சைவத்துக்கென்று மேஜை ஒதுக்கியதை எதிர்த்த மாணவருக்குப் போட்ட அபராதம் 10,000 ரூபாய். ஆக, ஏறக்குறைய இரண்டு மாத உதவித்தொகையைச் சேர்த்து வைத்தால் ஒருமுறை தைரியமாகச் சாப்பிடலாம்.

கலைவிழா வந்தால் மட்டும் இந்தப் பிள்ளைகளுக்கு ஏக கிராக்கி. சால்வை போர்த்தி மேடையேற்றுவார்கள், துணைவேந்தர் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்வார், அடுத்த வருஷ அட்மிஷன் கையேட்டுக்கு அட்டைப்படம் தயார். மேடையில் ஆடினால் பண்பாடு. அறையில் அடுப்பு மூட்டினால் புகார். 2020 மார்ச்சில் அதே அட்டைப்பட முகத்தைப் பார்த்துத்தான் ‘கொரோனா’ என்று கத்தினார்கள். உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் போட வேண்டியதாயிற்று.

டெல்லிக்காரனைத் திட்டுவது நமக்குச் சுகம். 2018-இல் சென்னை ஐ.ஐ.டி. சாப்பாட்டுக்கூடத்தில் சைவருக்குத் தனி வாசல், அசைவருக்குத் தனி வாசல், கைகழுவவும் தனித்தனித் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. பெரியார் பிறந்த மாநிலத்தில், சோப்புப் போட்டுக் கழுவின கைக்கும் தீட்டு. மணிப்பூர்ப் பையனிடம் ‘எந்த நாடு தம்பி?’ என்று அன்பாக விசாரிப்பவர்களும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஆகவே புதுக் கையேடு ஒன்று எழுதியிருக்கிறேன். விடுதிக் காப்பாளர், வீட்டுக்காரர், வகுப்புத்தோழர், போலீஸ் எல்லோருக்கும் பொது. ஒரே பக்கம்தான், அச்சுச் செலவு குறைவு. பக்கத்து அறையில் அகுனி கொதித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நூறுக்குப் போன் போடாதே. கதவைத் தட்டு. பசியாக இருந்தால் தட்டோடு போ.