இடி விழுந்தவனுக்குத் தகுதி இல்லையா?

கே: ‘தகுதி உள்ளதே பிழைக்கும்’ என்கிறார்கள். எது தகுதி உள்ளது என்று கேட்டால் ‘பிழைத்ததுதான்’ என்கிறார்கள். இது என்ன விளையாட்டு?

ப: தேர்தல் முடிந்த மறுநாள் ‘செல்வாக்கு உள்ளவரே ஜெயித்தார்’ என்று நாங்கள் எழுதுகிறோமே, அந்த விளையாட்டுதான்! ‘தகுதி உள்ளதே பிழைக்கும்’ என்ற வாசகம் டார்வினுடையது அல்ல. 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் எழுதியது. தம் நூலின் 1869 பதிப்பில் டார்வின் இரவல் வாங்கிக்கொண்டார். இரவல் சட்டை, தோளில் பிடிக்கிறது.

1959இல் தத்துவ அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் ஒரு கற்பனை சொன்னார். அச்சில் வார்த்த மாதிரி இரட்டையர் இருவர் காட்டில் நிற்கிறார்கள். ஒருவன் தலையில் இடி விழுகிறது. மற்றவன் வீடு திரும்பி, பிள்ளை குட்டி பெற்று வாழ்கிறான் என்று வையுங்கள். செத்தவனுக்குத் தகுதி குறைவா? இரண்டடி தள்ளி நின்றதைத் தவிர பிழைத்தவன் என்ன சாதித்தான்?

1979இல் சூசன் மில்ஸும் ஜான் பீட்டியும் முடிச்சை அவிழ்த்தார்கள்: தகுதி என்பது பெற்ற பிள்ளைகளின் கணக்கல்ல, பெறக்கூடிய இயல்பு. டப்பாவில் இருக்கும்வரை உப்பு கரைவதில்லை. அதற்காக அதைக் கரையாத பொருள் என்பீர்களா? இடி விழுந்தவன் டப்பாவில் மிஞ்சிய உப்பு.

இடி தற்செயல்; உயிரினக் கூட்டம் சிறியதானால் தற்செயலின் கை இன்னும் ஓங்கும். நல்ல மரபணுவே அடியோடு காணாமல் போவதுண்டு.