குதிரையை ஆக்டிவேட் செய்வது எப்படி?

மூன்று நாளாக நம்மவர் ஒரு குதிரையின் வயிற்றைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார். அழுக்கு போகிற வழியாக இல்லை.

கல் குதிரைதான். ஊர் குன்றாண்டார்கோவில். ஒன்றிய அலுவலகப் பலகையில் இப்படி இலக்கணமாக இருக்கும்; பேருந்தில் ஏறிவிட்டால் ‘குன்னாண்டார்கோயில்’ ஆகிவிடும். குன்றைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில் எழுப்பிய குடைவரைக்குள் பர்வதகிரீஸ்வரர் இருக்கிறார். வெளியே, பல நூறு வருடம் கழித்து விஜயநகரக் காலத்தவர்கள் ஒரு மண்டபத்தைத் தேர் மாதிரியே கட்டிவைத்தார்கள். சக்கரமும் கல், இழுக்கிற குதிரையும் கல். போன மாதம் அக்கா மகன் தன் போனில் அதைப் படம் எடுத்து அனுப்பினான். இடது ஓரத்தில் சக்கரம், வலது ஓரத்தில் குதிரை, நடுவில் தூண்கள், மேலே மேகமில்லாத புதுக்கோட்டை வானம். நம்மவர் உடனே அதைக் கணினியின் முகப்புப் படமாக வைத்தார்.

வைத்த பிறகுதான் பார்த்தார். குதிரையின் வயிற்றில் சாம்பல் நிறத்தில் ஓர் ஆங்கில வாசகம்: விண்டோஸை ஆக்டிவேட் செய், அதற்கு செட்டிங்ஸுக்குப் போ. கட்டிய நாளிலிருந்து ஓரடி நகராத குதிரையிடம் போய் இதைச் சொல்கிறார்கள். இடது பக்கச் சக்கரத்திலோ போன் கம்பெனியின் பெயர், எத்தனை கேமரா, எத்தனை மெகாபிக்சல் என்கிற ஜாதகம். தேருக்கு முன்னால் ஒரு விளம்பரம், பின்னால் ஒரு விளம்பரம். மினி பஸ் தோற்றது.

இந்த எழுத்துகளை மூன்றே படிகளில் நீக்கும் வழி கட்டுரையின் முடிவில் தரப்படும்.

அதற்குமுன் ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். நம்மவர் விண்டோஸுக்குக் காசு கொடுக்கவில்லை. பழைய உதிரிகளைக் கோத்து ஒரு கடையில் செய்து வாங்கிய கணினி அது. “சார், ஓ.எஸ். போட்டுத் தந்துடறேன்” என்று கடைப் பையன் சொன்னபோது, எந்த ஓ.எஸ்., யாருடைய ஓ.எஸ். என்றெல்லாம் கேட்பது அநாகரிகம் என்று நினைத்துவிட்டார். பையன் ஒரு வாரம் கழித்துப் போனை எடுப்பதை நிறுத்தினான். ஒரு மாதம் கழித்துக் குதிரை பேச ஆரம்பித்தது. ஆகவே தார்மிக ரீதியில் நம்மவர் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் கோபம் வருகிறது, என்ன செய்வது.

அதைவிடக் கொடுமை, ஆக்டிவேட் செய்யாத விண்டோஸில் செட்டிங்ஸ் வழியாக முகப்புப் படத்தை மாற்ற முடியாது. அந்தப் பக்கமே மங்கிப்போய்க் கிடக்கும். வீட்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டியவனே தண்ணீர் வாளியையும் தேங்காய் நாரையும் எடுத்துப் பூட்டிவைத்த மாதிரி. படத்தின் மேல் நேராக வலது க்ளிக் செய்து ‘முகப்புப் படமாக வை’ என்று சொன்னால் மட்டும் கேட்டுக்கொள்ளும். அப்படித்தான் குதிரை உள்ளே வந்தது.

சரி, இந்த மாதிரி எழுத்து விழுகிற இடம் ஏன் எப்போதும் ஓர் ஓரத்து மூலையாகவே இருக்கிறது? நம்மவர் மூன்று நாளில் வேலை எதுவும் பார்க்காமல் இதைத்தான் யோசித்தார். பிலிம் கேமரா காலத்துப் படங்களை எடுத்துப் பாருங்கள், கீழே வலது மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி எரிந்துகொண்டிருக்கும். அது சரியாகப் பெரியம்மாவின் புதுப் பட்டுப்புடவைக் கரைமேல் விழுந்திருக்கும், தேதியும் கேமராவில் பேட்டரி மாற்றிய நாளிலிருந்து தப்பாக இருக்கும். கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் அதே மூலையில் ஸ்டூடியோ பெயர், மாப்பிள்ளையின் கால்விரல் மெட்டியோடு சேர்த்து. வாட்ஸப்பில் வருகிற காலை வணக்க ரோஜாவுக்கு அதே மூலையில் செய்தவர் பெயர். அடுத்து அனுப்பியவர் அதற்குமேல் தன் பெயர். நம்மவருடைய சித்தப்பா ஒருவர் அதற்கும்மேல் தன் பெயரும் செல் நம்பரும். ரோஜா கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஒதுங்கிப்போய் இப்போது காம்பு இல்லாமல் இருக்கிறது. வீட்டுக் கதை இருக்கட்டும், வீதிக்கு வருவோம். காலிச் சுவர் ஒன்று கண்ணில் பட்டால் முதலில் அதன் மூலையில்தான் கட்சிப் பெயரைச் சின்னதாக எழுதி, ‘ஆல் சைடு’ என்று போட்டு, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று ரிசர்வ் செய்வார்கள். சுவருக்குச் சொந்தக்காரர் வெள்ளையடித்த ஈரம் காய்வதற்குள் இது நடக்கும். இதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். சட்டம் இருக்கிறது. சுவரில் எழுத்தும் இருக்கிறது. ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல் அறுபது வருடத்துக்கு மேலாகக் குடித்தனம் நடத்துகின்றன. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது நிவாரணப் பொட்டலங்களில் முதல்வர் படத்து ஸ்டிக்கர் ஏறியதும், ‘ஸ்டிக்கர் ஒட்டுவது’ என்பது தமிழில் தனி வினைச்சொல்லாகவே ஆனதும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய வருடம் மக்களவைத் தேர்தல் வந்தபோது, சென்னையின் சிற்றுந்துகளில் வரைந்திருந்த இலைகள் ஆளுங்கட்சியின் சின்னத்தை நினைவூட்டுகின்றன என்று வழக்கு நடந்து, கடைசியில் இலைமேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தார்கள். ஒட்டியதை எடுப்பது நம் வழக்கம் இல்லை. அதன்மேல் இன்னொன்றை ஒட்டுவோம்.

நம்மவர் எங்கே விட்டார்? மூலை.

கணினிக்காரர்களுக்கும் வெற்றிடம் என்றால் பயம்தான் போலிருக்கிறது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது அதன் பச்சைக் குன்று நினைவிருக்கும். சார்லஸ் ஓரியர் என்ற புகைப்படக்காரர் 1996-ல் கலிபோர்னியாவின் சொனோமாவில் காரை ஓரங்கட்டி எடுத்த படம். குன்று, வானம், மேகம், வேறொன்றும் கிடையாது. ஆனால் அதே எக்ஸ்பியில் சில சமயம் திடீரென்று குன்று காணாமல் போய், ‘ஆக்டிவ் டெஸ்க்டாப் ரிகவரி’ என்று ஒரு வெள்ளைப் பக்கம் வரும். சரிசெய்ய அதில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அலுவலகக் கணினிகளிலோ ‘பிஜி இன்ஃபோ’ என்று ஒரு நிரல். கணினியின் பெயர், ஐ.பி. முகவரி, மிச்சமிருக்கிற வட்டு இடம் எல்லாவற்றையும் படத்தோடு படமாக எழுதிவிடும். எழுத்தை மட்டும் தனியாகப் பிடித்து இழுக்க முடியாது. அது படமாகவே ஆகியிருக்கும்.

நம்மவர் சும்மா இருக்கவில்லை. ரெஜிஸ்ட்ரி என்கிற பாதாளத்துக்குள் இறங்கி, ‘பெயின்ட் டெஸ்க்டாப் வெர்ஷன்’ என்ற மதிப்பைத் தேடிப் பிடித்துப் பூஜ்யமாக்கினார். கணினியை அணைத்து எழுப்பினார். குதிரையின் வயிறு அப்படியே. அந்த மதிப்பு விண்டோஸின் பதிப்பு எண்ணைக் காட்டவும் மறைக்கவும்தானாம். இவர் கணினியில் அந்த எண் முதலிலேயே தெரியவில்லை. அதாவது இல்லாத ஒன்றை வெற்றிகரமாக நீக்கியிருக்கிறார்.

அக்கா மகன் காசு கொடுத்து வாங்கிய லேப்டாப்பைக் காட்டி வெறுப்பேற்ற வந்தான். விண்டோஸ் 11. ‘ஸ்பாட்லைட்’ என்ற வசதியில் தினமும் ஒரு புதுப் படம் தானாகவே மாறும். அதன் மேல் மூலையில் ஒரு சின்ன ஐகான்: ‘இந்தப் படத்தைப் பற்றி அறிந்துகொள்ளுங்கள்.’

“எடுத்துக் காட்டேன், பார்ப்போம்” என்றார் நம்மவர்.

டெலீட்டைத் தட்டினான். போகவில்லை. குப்பைத்தொட்டிக்கு இழுத்தான். போகவில்லை. ஸ்பாட்லைட்டையே அணைத்து வேறு படம் வைத்தால் போகும், இல்லாவிட்டால் ரெஜிஸ்ட்ரியில் 32 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சாவியை அடித்து மறைக்க வேண்டும். “விடுங்க மாமா, பார்க்காம இருந்தா போச்சு” என்றான். காசு கொடுத்தவன் வீட்டிலும் ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்ததில் நம்மவருக்கு அன்று இரவு நல்ல தூக்கம்.

நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேசம் இருக்கிறது. தமிழ்நாடு 2011-ல் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்த பிறகு, 2013-ல் அகிலேஷ் யாதவ் அரசும் அங்கே கொடுத்தது. திறந்ததும் திரையில் அப்பா முலாயம், மகன் அகிலேஷ் படங்கள். அந்தப் படத்தை மாற்றப்போனால் லேப்டாப்பே படுத்துவிடுகிறது என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதைப் படித்தபோது நம்மவர் விழுந்து விழுந்து சிரித்தவர். குதிரை வயிற்றில் எழுதாத காலம் அது.

பொறுமையாக உரித்தவர்கள் தஞ்சாவூரில் இருந்திருக்கிறார்கள். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டு நடைக்குள் போய்ப் பார்த்தபோது, நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து சோழர் கால ஓவியம் எட்டிப் பார்த்தது. பிற்பாடு தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சேதமில்லாமல் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகைகளில் ஏற்றினார்கள். கீழே இருந்ததும் பிழைத்தது, மேலே இருந்ததும் பிழைத்தது. நம்மவருக்கு அந்த அளவு பெருந்தன்மை கிடையாது. ‘விண்டோஸை ஆக்டிவேட் செய்’ என்பதைப் பெயர்த்தெடுத்துப் பாதுகாக்கும் உத்தேசம் அவருக்கு இல்லை.

லைசென்ஸ் வாங்கலாம்தான். விலையைப் பார்த்தார். கணினியின் விலையையும் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலிருப்பது நல்லது.

நான்காம் நாள் காலை குளிக்கும்போது யோசனை பிறந்தது. எழுத்தை நகர்த்த முடியாவிட்டால் குதிரையை நகர்த்து! ஈரத் துண்டோடு வந்து உட்கார்ந்து, படத்தை இடம்வலமாகத் திருப்பிப் போட்டார். சக்கரம் வலப்பக்கம் போனது. அதன்மேலிருந்த போன் கம்பெனி விளம்பரம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறி, அதற்குமேல் விண்டோஸ் வாசகமும் ஏற, இரண்டில் எதையும் படிக்க முடியவில்லை. விஜயநகரத்துக் குதிரை இடது மூலையில் சுத்தமாக நின்றது. நம்மவர் மனைவியைக் கூப்பிட்டார்.

அவர் கரண்டியோடு வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “குதிரை எங்கேங்க?”

திரையின் இடப்பக்கம் நம்மவருடைய ஐகான்கள் மேலிருந்து கீழே வரிசையாக இறங்குகின்றன. கணினி வாங்கிய நாளிலிருந்து எதையும் அழித்ததில்லை. குதிரையின் முகத்தில் ‘நியூ ஃபோல்டர் 7’ இருந்தது, வயிற்றில் ‘ரேஷன் கார்டு ஸ்கேன் ஃபைனல் ஃபைனல்’.